தும்புத்தடியைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்: எழுத்தாளர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்க ஒரு வழிகாட்டி

ஒரு எழுத்தாளர் காலமாகிச் சில வருடங்கள் போய்விடுகின்றன. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாள் மருமகனோ பழைய மாணவனோ “இதை நினைவில்லமாக்கினால் என்ன?” என்று கேட்கிறார். எல்லோருக்கும் சந்தோசம். அடுத்த சனிக்கிழமையே பத்துப் பேர் தும்புத்தடி, வாளி, மண்வெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். பின்னேரம் வீடு பளிச்சென்று ஆகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வாசிக்க வேண்டியது.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு வாத்தியாரின் வீட்டில் நான் மூன்று வருடம் இந்த வேலையில் நின்றேன். சிறுகதை எழுதியவர், வெளியில் பெரிய பெயர் இல்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே நாங்கள் கூட்டிப் பெருக்கினோம். சாய்மனைக் கதிரைக்குக் கீழேயும் அலுமாரிக்குப் பின்னாலும் கிடந்த கடதாசிக் குப்பையை வளவின் மூலையில் குவித்துக் கொளுத்தினோம். நெருப்பு அணைகிற நேரம் ஒரு பஸ் டிக்கெட் காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தது. ஓரம் கருகியிருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இரண்டு வரி, ஒரு கதையின் தொடக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிற பஸ்ஸில் அவர் டிக்கெட்டுகளில்தான் குறிப்பு எழுதுவார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று எத்தனை எரிந்தன என்று இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு புத்தகங்களுக்குள் பதினேழு டிக்கெட்டுகள் கிடைத்தன. அவைதான் இப்போது அந்த வீட்டில் ஆட்கள் அதிக நேரம் நின்று பார்க்கும் பொருள்.

எந்த வீடு, யாருடைய வீடு

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊர்களில் வீடு பெரும்பாலும் பெண் வழியில் போகிறது. எழுத்தாளர் பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போயிருக்கும். அவர் நாற்பது வருடம் இருந்து எழுதிய வீடு மனைவியின் சீதன வீடாக இருக்கும். பலகை எந்த வீட்டில் மாட்டுவது? என் கருத்து தெளிவு: எழுதிய வீட்டில்தான். பிறந்த வீட்டின் மதிலில் ஒரு சிறு கல் பதித்தால் போதும். ஆனால் எழுதிய வீட்டைத் தெரிந்தெடுத்தால் அது அவருடைய வீடு என்பதைவிட அந்த அம்மாவின் வீடு. அந்த அம்மாவின் பெயரும் பலகையில் வர வேண்டும். சமையலறையும் கிணற்றடியும் அந்தக் கதையில் இடம்பெற வேண்டும்.

அடுத்தது காணி உறுதி. தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுத்து எழுதப்பட்ட எங்கள் வழக்கச் சட்டம். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்க்கையில் தேடியது) என்று சொத்தை அது பிரிக்கிறது. வீடு இதில் எந்த வகை என்பதைப் பொறுத்து உரிமையாளர் மாறுவார். பல வீடுகள் பிரிக்கப்படாத பங்குகளாக ஐந்தாறு பேரிடம் கிடக்கின்றன. பங்காளிகளுக்கு முற்கொள்வனவு உரிமையும் உண்டு. ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால் மற்றவர் கேள்வி எழுப்பலாம். ஆகவே உறுதியின் பிரதியையும் காணிப் பதிவகத்தில் எடுக்கும் பதிவையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் “எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை” என்று போனில் சொல்வதை நம்பி ஒரு கூரை ஓட்டைக்கூட மாற்றாதீர்கள். அவர்கள் மனம் நல்ல மனம்தான். ஆனால் பத்து வருடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு அந்தப் போன் பேச்சுத் தெரியாது. நன்கொடை உறுதியோ, நீண்டகாலக் குத்தகையோ, ஒரு பொறுப்பாட்சி அமைப்போ, ஏதாவது ஒன்று நொத்தாரிசு முன்னால் எழுத்தில் இருக்க வேண்டும்.

கட்டடம் நூறு வருடத்துக்கு மேற்பட்டதாகத் தெரிந்தால் தொல்லியல் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அத்தகைய கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க முடியும். அப்படி அறிவித்தால் பிறகு நீங்கள் நினைத்தபடி சுவரை இடிக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விசயம்.

போய்ப் பாருங்கள்

வேலை தொடங்க முன் இரண்டு இடம் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று பக்கத்தில், யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகம். பொருளுக்கு விளக்கச் சீட்டு எப்படி எழுதியிருக்கிறார்கள், வெயில் எந்தப் பக்கத்தால் உள்ளே வருகிறது, எது உங்கள் கண்ணை நிறுத்துகிறது, எதைத் தாண்டிப் போகிறீர்கள் என்பதைக் கொப்பியில் குறியுங்கள்.

மற்றது தூரம்: காலிக்குப் பக்கத்தில் கொக்கலை. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், விமானத்தளத்துக்காக அந்த ஊர் ஆட்களையே எழுப்பி வெளியேற்றினார்கள். வீடு தப்பியது. இன்றைக்கு அந்த வளவில் நாட்டார் கலை அருங்காட்சியகமும் இருக்கிறது. 1976இல் காலமான அவருடைய நினைவிடமும் வீட்டருகிலேயே இருக்கிறது. ஊர் எழுப்பப்படுவது என்றால் என்ன என்று, போரில் தங்கள் ஊர்களிலிருந்து எழுப்பப்பட்ட வலிகாமம் வடக்கு ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கே நான் கவனித்தது, அவர் எழுதிய கிராமத்தின் கலப்பையும் வலையும் பானையும் அவருடைய பேனைக்குச் சமமாக வைக்கப்பட்டிருப்பது. மீன்பிடிக் கிராமத்தைப் பற்றி எழுதிய ஒருவரின் வீட்டில் ஒரு பறி இல்லாமல் விருதுகளை மட்டும் அடுக்கி வைத்தால் வருகிறவருக்கு என்ன விளங்கும்?

தொடாமல் பதியுங்கள்

இதுதான் இந்த வேலையின் இதயம். இதற்கு ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள்.

ஒரு பொருள் எங்கே இருந்தது என்பது அந்தப் பொருளில் பாதி. மூக்குக் கண்ணாடி மேசை லாச்சிக்குள் இருந்தால் ஒரு கதை. சாமியறை மாடத்தில் இருந்தால் வேறு கதை. எடுத்து மேசையில் வைத்த அடுத்த நிமிடம் அந்தக் கதை போய்விடும். திரும்பக் கிடைக்காது.

வாசலில் நின்று தொடங்குங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையில் இருந்தும் படம் எடுங்கள். பிறகு நிலம், கூரை, கதவின் பின்பக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டு, ஒவ்வொரு லாச்சி: திறந்ததும் ஒரு படம், மேலே உள்ளதை எடுத்ததும் அடுத்த படம். சாதாரணப் போனே போதும். ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

அதோடு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. எண், பொருள், இருந்த இடம், அளவு, இப்போதைய நிலை, யார் என்ன சொன்னார் என்று கோடு போட்டுக் கொள்ளுங்கள். எண்ணை வருடத்தோடு தொடங்குங்கள்: 2025.1, 2025.2 என்று. கணினியில் ஏற்றுவதைப் பிறகு பார்க்கலாம். மின்சாரம் நிற்கும், கொப்பி நிற்காது. எண்ணைப் பொருளில் ஒட்டாதீர்கள். ஒட்டும் தாளின் பசை மரத்தையும் அட்டையையும் தின்னும். சின்னக் கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதி நூலால் கட்டுங்கள். புத்தகம் என்றால் உள் அட்டையின் மூலையில் மெல்லிய பென்சில் எழுத்து. பேனை வேண்டாம்.

சுவரையும் பாருங்கள். எங்கள் வாத்தியார் வீட்டு விறாந்தைச் சுவரில் கதவு நிலைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் உயரம் குறித்த கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தைப்பொங்கல் தேதி. 1990 வரை ஒழுங்காகப் போய், பிறகு இரண்டு வருடம் இடைவெளி, பிறகு ஒரேயொரு கோடு. வெள்ளையடிக்க வந்தவர் வாளியோடு நின்றார். அவரை மறித்தது நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தின் பலன்.

வீடே இல்லாமல் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சிய இடங்களும் எங்களிடம் நிறைய உண்டு. அதற்கும் இதே முறைதான். பற்றையை வெட்டுங்கள், ஆனால் கல்லை அசைக்காதீர்கள். அறைகளின் கோட்டை அளந்து வரையுங்கள். அதன் மேல் புதிய கட்டடம் கட்டி “இதுதான் அவர் வீடு” என்று சொல்வதைவிட, அத்திவாரத்தை அப்படியே விட்டு “இது விறாந்தை, இது அவர் இருந்த இடம்” என்று கல்லில் எழுதி வைப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆட்களிடம் கேளுங்கள், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு

“ஐயாவைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் எல்லோரும் “அவர் நல்ல மனுசன்” என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து என்ன செய்வது? பொருளைக் காட்டி, இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் வாத்தியார் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய தேக்க மேசை இருந்தது. மேலே பேனைத் தாங்கி, ஒரு விளக்கு. அதுதான் அவர் எழுதிய மேசை என்று எல்லோரும் நினைத்தோம். அறிமுகப் பலகையில்கூட எழுதிவிட்டோம். ஒரு நாள் அவருடைய மனைவியைக் கதிரையில் இருத்தி “ஆச்சி, இந்த மேசையில எந்தப் பக்கம் பாத்து இருந்து எழுதுவார்?” என்று கேட்டேன்.

“அதில அவர் ஒரு நாளும் எழுதேல்லைத் தம்பி. அது பரீட்சைப் பேப்பர் திருத்துற மேசை. கதை எழுதுறது குசினி வாசல் திண்ணையில. நான் அடுப்படியில நிக்க, மடியில பலகையை வச்சு எழுதி எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுவார். நான் சிரிக்காட்டில் வெட்டிப் போடுவார்.”

பலகை அடுப்படிப் பரணில், விறகுக்குக் கீழே இருந்தது. ஒரு முழ நீளம். இடது மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்து வைத்து வட்டமான கறை, ஒன்றன்மேல் ஒன்றாக. வலது ஓரம் கை பட்டு வழுவழுப்பாகித் தேய்ந்திருந்தது. விறகோடு விறகாக அடுப்புக்குப் போயிருக்க வேண்டியது.

ஆகவே மனைவி, பிள்ளைகள் மட்டும் போதாது. அயலவர், மாணவர், கதையை அச்சுக் கோத்தவர், புத்தகக் கடைக்காரர், சைக்கிள் திருத்தியவர் என்று எல்லோரையும் கேளுங்கள். போனில் குரலைப் பதியும் முன் அனுமதி வாங்குங்கள். வயது கூடியவர்களிடம் முதலில் போங்கள். இந்த வரிசையில் நான் கடுமையாக இருப்பேன். கூரை அடுத்த வருடமும் இருக்கும்.

கடதாசி

எங்கள் ஊர் கடதாசிக்கு நல்ல ஊர் இல்லை. உவர்க்காற்று, மாரி ஈரம், கறையான், இராமபாணப் பூச்சி. அதற்கு மேல் ஒவ்வொரு இடப்பெயர்விலும் கைவிட்டுப் போனது எவ்வளவு! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவை அதில் இருந்தன. ஆகவே கையெழுத்துப் பிரதி கையில் கிடைத்ததும் முதலில் மனதில் எழ வேண்டிய கேள்வி: இதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா?

பிரதி எடுப்பதற்கு முன் சில விலக்குகள். செலோடேப் ஒட்டாதீர்கள். லமினேட் செய்யவே செய்யாதீர்கள்; அது திரும்பக் கழற்ற முடியாத காரியம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல் மெல்ல நிமிர்த்தி எடுங்கள். தூசியை மென்மையான தூரிகையால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத் துணி ஆகாது. ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்கப் பார்க்காமல் அப்படியே சுற்றித் தனியாக வையுங்கள்.

பூச்சி இருந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். புத்தகங்களை இறுக்கமான பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை போகும் ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். பதினெட்டுப் பாகைதான் போகும் என்றால் இரண்டு கிழமை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளில் நீர் படியும். நாங்கள் ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரரைக் கேட்டு, அவர் மாரி காலத்தில் சும்மா கிடந்த பெட்டியைத் தந்தார். நிழற்படங்களையும் ஓலைச்சுவடியையும் இப்படிக் குளிரில் வைக்காதீர்கள். சுவடி கிடைத்தால் எண்ணெய் பூசிப் பார்க்கவும் வேண்டாம். தெரிந்தவரிடம் காட்டும்வரை பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். காற்று ஓட வேண்டும். வேப்பிலையும் வசம்பும் எங்கள் பழைய வழி. துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், தாளில் படக் கூடாது.

பிரதி எடுக்க ஸ்கானர் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில். இல்லாவிட்டால் யன்னலோர வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், பிளாஷ் இல்லாமல் போனை மேலே நிறுத்தி எடுங்கள். கோப்பின் பெயர் கொப்பியில் உள்ள எண்ணாகவே இருக்கட்டும். மூன்று பிரதி: ஒன்று வீட்டில், ஒன்று ஊருக்குள் வேறொருவரிடம், ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வெளியே. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தையும் அணுகுங்கள். இந்த வேலையில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு.

ஆனால் இணையத்தில் போடுவதற்கு உரிமை வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை வாரிசுகளிடம் இருக்கிறது. கடிதம் விசயத்தில் பலர் தவறுவார்கள்: வாத்தியாருக்கு வந்த கடிதத்தின் தாள் வாத்தியாருடையது, எழுத்து அனுப்பியவருடையது. சண்டைக் காலத்துக் கடிதங்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களும் விலாசங்களும் இருக்கும். அவற்றைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள், காட்சிக்கு வைக்காதீர்கள்.

சுவரும் கூரையும்

பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இவை நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அப்படித்தான் நூறு வருடம் நிற்கின்றன. அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு உப்புப் பூத்து, கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாக விழும். கல்லையும் சேர்த்துக் கொண்டு போகும். “சீமெந்து போட்டால் பலம்” என்று மேசன் சொல்வார். அன்பாக மறுத்துச் சுண்ணாம்புச் சாந்து தெரிந்த ஒரு வயதான மேசனைத் தேடுங்கள். இன்னும் இருக்கிறார்கள்.

கூரை மரங்களான பனந்தீராந்தியும் சிலாகையும் உறுதியானவை. ஓடு உடைந்து தண்ணீர் இறங்குகிற இடத்தில் மட்டும்தான் உக்கும். ஓட்டு வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் வைகாசியிலேயே ஆள் பிடியுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் புழுதி கடுமையாக வரும். அந்த மாதங்களில் கடதாசி வேலையை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் மூடிக்கட்டுங்கள். சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்காமல் வெட்டுங்கள். பிடுங்கினால் கல்லோடு வரும்.

காட்சிக்கு வைப்பது

குறைவாக வையுங்கள். ஒரு இடத்தையாவது அவர் இருந்த மாதிரியே விடுங்கள். எங்கள் வீட்டில் அது குசினி வாசல் திண்ணை.

மூலக் கையெழுத்தைக் கண்ணாடிக்குள் வெயிலில் வைத்தால் மை வெளிறும். பிரதியை வையுங்கள், பிரதி என்று எழுதியும் வையுங்கள். அந்தக் காலத்துக் கதிரை ஒன்றை வேறு வீட்டிலிருந்து வாங்கி வைத்தால் “அவருடையதல்ல, அக்காலத்தது” என்று சீட்டில் சொல்லுங்கள். ஒரு பொருளில் பொய் சொன்னால் மற்றப் பொருள்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். விளக்கச் சீட்டு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். ஐம்பது சொல்லுக்கு மேல் யாரும் நின்று வாசிப்பதில்லை. எழுத்து, கண்ணாடி போடாத தாத்தாவுக்கும் தெரிய வேண்டும்.

திறந்த பிறகு

தினமும் திறக்கிறோம் என்று அறிவித்துவிட்டு மூன்றாம் மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும், ஆனால் அந்த இரண்டு நாளும் கட்டாயம் திறக்க வேண்டும். வீட்டுத் திறப்பு (சாவி) இருவரிடம் இருக்கட்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த நாட்களில் மட்டும் தினமும் திறந்தால் வருடச் செலவில் ஒரு பங்கு உண்டியலில் சேரும். குடிதண்ணீர், கழிப்பறை, செருப்பு விட ஒரு தட்டு, வயதானவர் இருக்க ஒரு வாங்கு. பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் கதை சொல்ல ஒருவர்.

கிழமைக்கு ஒரு தரம் சுவரோரம் குனிந்து கறையான் மண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு தரம் கொப்பியைக் கையில் வைத்து பத்துப் பொருளை எண்ணுங்கள். மாரியின் முதல் பெருமழை எப்போதும் இரவில்தான் கொட்டும். அன்றைக்கு டோர்ச்சோடு வீட்டுக்குப் போய் ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். எங்கே சொட்டுகிறது என்று காதுக்குத்தான் முதலில் தெரியும். கேட்ட இடத்தில் ஒரு வாளியை வைத்து, நிலத்தில் சோக்கால் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். காலையில் ஓட்டுக்காரருக்கு அந்த வட்டத்தைக் காட்டினால் போதும்.